தீயணைப்பு நிலையத்திலிருந்து சான் சிரோவுக்கு

போருக்குப் பிந்தைய கால்பந்து - 9

1949 மே 4 அன்று சூப்பர்கா குன்றில் மோதிய விமானத்தோடு டொரினோ என்ற மாபெரும் அணியே அழிந்துபோனதைச் சென்ற வாரம் பார்த்தோம். இனி இத்தாலியில் யார் கோல் அடிப்பார்கள் என்று அந்த நாடு கலங்கி நின்ற கோடை அது. விடை ஏற்கெனவே மிலான் நகருக்கு வந்து சேர்ந்திருந்தது. விபத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, ஜனவரிக் குளிரில், ஸ்வீடனிலிருந்து ஒரு சென்டர் ஃபார்வர்ட் வந்திறங்கினார். வயது 27. அகன்ற தோள்கள், தடித்த கழுத்து, 90 கிலோவைத் தாண்டிய உடம்பு. ஊரில் அவர் பார்த்த வேலை தீயணைப்பு. பெயர் குன்னார் நோர்டால்.

அடுத்த ஏழரை ஆண்டுகளில் மிலான் அணிக்காக லீக்கில் மட்டும் 257 ஆட்டங்களில் 210 கோல்கள் அடித்தார். எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் 221. அந்த அணியின் சட்டையை வான் பாஸ்டன் அணிந்தார், ஷெவ்சென்கோ அணிந்தார், இப்ராகிமோவிச் அணிந்தார். நோர்டாலை ஒருவரும் எட்டவில்லை. ஆனால் அதே ஏழரை ஆண்டுகளில் தன் நாட்டின் மஞ்சள் சட்டையை அவர் ஒருமுறைகூட அணியவில்லை. அவரை அணிய விடவில்லை என்பதே சரி. உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடாமல் போன மிகப் பெரிய வீரர்களின் பட்டியலில் அவர் பெயர் முன்வரிசையில் வரும். காயமும் காரணமில்லை, போரும் காரணமில்லை. அவர் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கினார், அவ்வளவுதான்.

ஸ்வீடனின் வடபகுதியில், போத்னியா வளைகுடாவை ஒட்டி, ஊமெயோ நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது ஹோர்னேஃபோர்ஸ். மரக்கூழ் ஆலையை நம்பி வாழ்ந்த சிற்றூர். ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும். மைதானம் கண்ணுக்குத் தெரிவதே வசந்தம் வந்த பிறகுதான். இந்த ஊரில் 1921 அக்டோபர் 19 அன்று குன்னார் பிறந்தார். பெர்ட்டில், க்னூட், குன்னார், யோஸ்டா, யோரான் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஐந்து பேர் கால்பந்தில் இறங்கினார்கள். ஐந்து பேருமே ஸ்வீடனின் முதல்தர லீக்கான ஆல்ஸ்வென்ஸ்கான் வரை போனார்கள். ஸ்வீடனின் சிறந்த வீரருக்குத் தரப்படும் தங்கப் பந்து விருது 1947-ல் குன்னாருக்கு, 1948-ல் அண்ணன் பெர்ட்டிலுக்கு, 1949-ல் இன்னொரு அண்ணன் க்னூட்டுக்கு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்த வீட்டுக்கே போனது. அப்படி ஒரு குடும்பத்தை உலகக் கால்பந்து மறுபடி கண்டதாகத் தெரியவில்லை.

உள்ளூர் அணியில் ஆடிக்கொண்டிருந்த குன்னாரை 1940-ல் டேகேர்ஃபோர்ஸ் அழைத்துக்கொண்டது. அதுவும் ஆலை ஊர்தான். அங்கே மரக்கூழுக்குப் பதில் இரும்பு. அங்கே நான்கு ஆண்டுகளில் 77 லீக் ஆட்டங்களில் 56 கோல்கள். 1944-ல் நெசவாலை நகரமான நோர்ஷோப்பிங்கின் ஐ.எஃப்.கே. அணிக்குப் போனார். ஸ்வீடனின் கிளப் கால்பந்தில் அந்த நகரத்தின் பொற்காலம் அது. பயிற்சியாளர் லயோஸ் செய்ஸ்லர், ஹங்கேரிக்காரர். இந்தத் தொடரில் ஏற்கெனவே வந்த பல ஹங்கேரியப் பயிற்சியாளர்களைப் போல நாடு நாடாகச் சுற்றித் தன் ஆட்டக் கலையைக் கற்றுக்கொடுத்தவர். அவர் கையில் நோர்டால் என்ற முரட்டு வலிமை ஒழுங்குக்குள் வந்தது.

நோர்ஷோப்பிங்கில் அவர் வைத்துவிட்டுப் போன கணக்கு 95 ஆட்டங்களில் 93 கோல்கள். 1944 இலையுதிர்காலத்தில் லாண்ட்ஸ்க்ரோனா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் அடித்தார். 1945 முதல் 1948 வரை நான்கு பட்டங்களை நோர்ஷோப்பிங் தொடர்ந்து வென்றது. டேகேர்ஃபோர்ஸில் ஒருமுறை, நோர்ஷோப்பிங்கில் மூன்று முறை என லீக்கில் அதிக கோல் அடித்தவராக நான்கு முறை வந்தார். இவ்வளவும் வேலைக்குப் போய்க்கொண்டே செய்தவை. ஸ்வீடனில் கால்பந்துக்குச் சம்பளம் கிடையாது. வீரர் என்றால் ஆலையிலோ அலுவலகத்திலோ கடையிலோ ஒரு வேலை இருக்க வேண்டும், ஆட்டம் அதற்கு மிஞ்சிய நேரத்தில். நோர்டாலுக்கு நோர்ஷோப்பிங் தீயணைப்பு நிலையத்தில் வேலை. பின்னாளில் இத்தாலிய ரசிகர்கள் அவரை 'இல் பொம்பியேரே', அதாவது தீயணைப்பு வீரர் என்று கூப்பிட்டது இதனால்தான்.

நாட்டு அணியில் அவர் 1942-ல் அறிமுகமானார். ஐரோப்பா முழுதும் எரிந்துகொண்டிருந்த ஆண்டு. ஸ்வீடன் நடுநிலை நாடாகப் போரிலிருந்து விலகி நின்றது. மற்ற நாடுகளில் வீரர்கள் போர்முனைக்குப் போய்ச் சாக, ஸ்வீடனில் லீக் ஆட்டங்கள் நிற்காமல் நடந்தன. போர் முடிந்தபோது ஐரோப்பாவிலேயே பழக்கம் விடாத, முழு உடல்தகுதியோடு இருந்த ஒரு தலைமுறை ஸ்வீடனிடம் இருந்தது. 1948-ன் வெற்றியைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1947 மே 10 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் பிரிட்டன் அணியும் 'ஐரோப்பாவின் மற்ற நாடுகள்' அணியும் மோதிய ஆட்டம் போருக்குப் பிந்தைய கால்பந்தின் முதல் பெருவிழா. 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்த அந்த ஆட்டத்தில் பிரிட்டன் 6-1 என நொறுக்கியது. ஐரோப்பாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் நோர்டால்.

அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக். ஸ்வீடனின் பயிற்சியாளர் ஜார்ஜ் ரெய்னர் என்ற ஆங்கிலேயர். போர்க்காலத்தில் பாக்தாத்தில் அணிகளைப் பழக்கியவர். சொந்த நாடு பெரிதாகக் கண்டுகொள்ளாதவர். அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ரூடால்ஃப் கோக்கிடம் இருந்தது. அணியில் மூன்று நோர்டால்கள்: வலது பின்வரிசையில் க்னூட், நடுத் தடுப்பில் பெர்ட்டில், முன்வரிசையில் குன்னார். குன்னாருக்கு இரு பக்கமும் கோத்தன்பர்க் நகரத்தின் குன்னார் கிரெனும், நோர்ஷோப்பிங்கில் அவருடனேயே ஆடிய நில்ஸ் லீட்ஹோல்மும். இந்த மூன்று பேரையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 2 அன்று ஆஸ்திரியாவை 3-0 என வீழ்த்தினார்கள். நோர்டாலுக்கு இரண்டு கோல். மூன்று நாள் கழித்து, மெக்சிகோவை 5-3 என வென்று வந்திருந்த கொரியாவை 12-0 என்று சாய்த்தார்கள், நோர்டாலுக்கு நான்கு. (சுதந்திர இந்தியா முதன்முதலில் ஆடிய ஒலிம்பிக் கால்பந்தும் இதுதான். பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய நம் அணி பிரான்ஸிடம் 1-2 என்று தோற்று முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. இந்தியாவின் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.)

அரையிறுதியில் எதிரே டென்மார்க். வெம்ப்லி மைதானம், ஆகஸ்ட் 10. இந்த ஆட்டத்தில் நோர்டால் கோல் எதுவும் அடிக்கவில்லை; ஆனாலும் அவர் செய்த ஒரு காரியத்தை ஸ்வீடனில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டென்மார்க்கின் கோல் வாசலுக்கு முன்னால் தாக்குதல் நடக்கிறது. தடுப்பாளர்கள் முன்னே ஏறிவிட, நோர்டால் தனியாகப் பின்னால் மாட்டிக்கொண்டார். பந்து திரும்பி வந்தால் ஆஃப்சைடு. அடிக்கும் கோல் செல்லாது. அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மைதானத்தை விட்டே வெளியேறினார், அதுவும் கோல் கோட்டைத் தாண்டி வலைக்குள்ளேயே ஓடிப்போய் நின்றுகொண்டார். ஆட்டத்தில் நான் இல்லை என்று நடுவருக்குச் சொல்லும் வழி அது. ஹென்றி கார்ல்ஸன் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் வந்தது. உள்ளே நின்றிருந்த நோர்டால் அதைக் கையால் பிடித்தார். கோல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. ஸ்வீடன் 4-2 என வென்றது. வெறும் உடல் பலத்தால் கோல் அடித்தவர் என்று அவரைச் சுருக்கிவிடுகிறவர்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நெருக்கடியில், அந்த வேகத்தில், விதியை அப்படிப் புரிந்து பயன்படுத்த ஓர் ஆழ்ந்த ஆட்ட மூளை வேண்டும்.

ஆகஸ்ட் 13 அன்று இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை 3-1 என வென்று ஸ்வீடன் தங்கம் எடுத்தது. கிரென் இரண்டு, நோர்டால் ஒன்று. போட்டியில் மொத்தம் ஏழு கோல்களுடன் டென்மார்க்கின் ஜான் ஹான்சனும் நோர்டாலும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஸ்வீடனின் ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் வென்ற ஒரே தங்கம் இன்றுவரை அதுதான்.

அந்தத் தங்கம் அணியையே கலைத்துவிட்டது. வெம்ப்லியில் ஸ்வீடன் வீரர்கள் ஆடியதை இத்தாலியக் கிளப்புகளின் ஆட்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பெர்ட்டில் அதே ஆண்டு பெர்கமோவின் அட்டலான்டா அணிக்குப் போனார். குன்னாரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். டென்மார்க் வீரர் யொஹானஸ் ப்ளோயரை மிலான் பேசி முடித்து வைத்திருந்ததாம். அவர் இத்தாலிக்கு வரும் வழியிலேயே யுவென்டஸ் ஆட்கள் அவரை மடக்கித் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்களாம். அதற்கு ஈடாக, தங்கள் கைவசம் இருந்த நோர்டால் பேச்சுவார்த்தையை யுவென்டஸின் ஜியான்னி அன்யெல்லி மிலானுக்கு விட்டுக்கொடுத்தாராம். ப்ளோயர் யுவென்டஸுக்குப் போனதும் நோர்டால் மிலானுக்கு வந்ததும் உண்மை. விளைவைப் பார்த்தால், கால்பந்து வரலாற்றில் யுவென்டஸ் செய்த மிகப் பெரிய நஷ்ட வியாபாரம் அது.

1949 ஜனவரி 27, ப்ரோ பாத்ரியா அணிக்கு எதிராக நோர்டாலின் முதல் ஆட்டம். மிலான் 3-2 என வென்றது, நோர்டால் கோல் அடித்தார். சீசன் பாதி கடந்துவிட்டது. மிச்சமிருந்ததில் 15 ஆட்டங்கள் ஆடி 16 கோல் அடித்தார். புது நாடு, புது ஆட்ட முறை, தடுப்பாட்டத்துக்குப் பேர்போன லீக். பழகிக்கொள்ள அவருக்கு நேரமே தேவைப்படவில்லை.

அந்தக் கோடையில் செய்ஸ்லரைப் பயிற்சியாளராக்கியது மிலான். கிரெனும் லீட்ஹோல்மும் வந்து சேர்ந்தார்கள். மூன்று பெயர்களின் முதல் அசையை ஒட்டவைத்து 'கிரே-நோ-லி' என்று இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின. இன்றும் மிலானில் அந்தப் பெயரைச் சொன்னால் முதியவர்களின் முகம் மலரும். கிரெனுக்குப் 'பேராசிரியர்' என்று பட்டம். எதிரணித் தடுப்பு எந்த இடத்தில் திறக்கும் என்பதை முன்கூட்டியே பார்க்கும் கண் அவருக்கு. லீட்ஹோல்ம் நிதானத்தின் உருவம். சான் சிரோவில் அவர் முதன்முறையாக ஒரு பாஸைத் தவறவிட்டபோது, இப்படியும் நடக்குமா என்ற வியப்பில் கூட்டம் எழுந்து கைதட்டியது என்று ஒரு கதை உலவுகிறது. கதையாகவே இருக்கட்டும், அவர் எவ்வளவு துல்லியமானவர் என்பதற்கு அது போதும். இந்த இருவரும் நெய்ததை முடித்து வைப்பவர் நோர்டால்.

அந்தக் காலத்தில் சென்டர் ஃபார்வர்டை நடுத் தடுப்பாளர் ஒருவர் தொண்ணூறு நிமிடமும் நிழலாக ஒட்டிக்கொண்டே இருப்பார். நோர்டாலுக்கு அது தொந்தரவாகவே படவில்லை. முதுகில் ஆள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தை வாங்கித் திரும்புவார். தொங்கியவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோலை நோக்கி ஓடுவார். சரிவில் உருண்டுவரும் பாறையை நிறுத்துவது எப்படியோ அப்படித்தான் அவரை நிறுத்துவதும். ஆனால் அவர் முரடர் இல்லை. உதை வாங்கியவர் பெரும்பாலும் அவர்தான். திருப்பி உதைப்பவர் என்று அவருக்குப் பெயரில்லை.

இதற்குச் சரியான சான்று 1950 பிப்ரவரி 5. டூரின் நகரில் யுவென்டஸ்-மிலான் ஆட்டம். இத்தாலியில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியது 1954-ல்தான். ஆனால் டூரினில் நடந்த சோதனை ஒளிபரப்பில் இந்த ஆட்டத்தைப் படம்பிடித்தார்கள். லீக்கில் முதலிடத்தில் யுவென்டஸ். தடுப்பின் நடுவில் கார்லோ பரோலா. சில வாரங்களுக்கு முன் ஃப்ளோரன்ஸ் நகரில் அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அவர் பந்தை உதைத்த படம், பின்னாளில் உலகெங்கும் சிறுவர்கள் வாங்கிய பனினி ஸ்டிக்கர் பாக்கெட்டுகளின் சின்னத்துக்கே மூலமானது. அப்பேர்ப்பட்ட தடுப்பாளர். யுவென்டஸ்தான் முதல் கோல் அடித்தது. அடித்தவர் நோர்டாலுடன் ஒலிம்பிக் முதலிடத்தைப் பகிர்ந்த அதே ஜான் ஹான்சன். பிறகு மிலானின் முறை வந்தது. நோர்டால் ஹாட்ரிக், கிரென், லீட்ஹோல்ம், புரினி, கந்தியானி என்று ஏழு கோல்கள். நோர்டாலைச் சமாளிக்க முடியாத பரோலா பொறுமை இழந்து அவரை உதைத்துவிட, நடுவர் வெளியேற்றினார். யுவென்டஸ் 1, மிலான் 7.

அந்த 1949-50 சீசனில் மிலான் 118 கோல்கள் அடித்தது. பட்டம் என்னவோ யுவென்டஸுக்குத்தான் போனது, ஏனென்றால் மிலான் கோல் வாங்குவதிலும் தாராளமாக இருந்தது. நவம்பரில் நடந்த நகர மோதலில் 4-1 என முன்னிலையில் இருந்து இன்டர் அணியிடம் 5-6 என்று தோற்ற அணி அது. நோர்டால் மட்டும் 37 ஆட்டங்களில் 35 கோல்கள். அடுத்த ஆண்டு 34. 1950-51 பட்டத்தை, இன்டரைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்து மிலான் வென்றது. அதற்கு முந்தைய பட்டம் 1907-ல். நாற்பத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு. 1908-ல் வெளிநாட்டு வீரர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டையில் மிலான் உடைந்து, வெளிநாட்டவரை வரவேற்றவர்கள் பிரிந்து போய்த் தொடங்கியதுதான் இன்டர். அதே மிலானுக்கு மூன்று ஸ்வீடன்காரர்கள் சேர்ந்து பட்டத்தை மீட்டுக் கொடுத்தார்கள். அதே ஆண்டு லத்தீன் கோப்பையும் மிலானுக்குக் கிடைத்தது.

இனி அந்தத் தடைக்கு வருவோம்.

ஸ்வீடன் கால்பந்துச் சங்கத்தின் விதி எளிமையானது: வெளிநாட்டில் சம்பளத்துக்கு ஆடுபவருக்கு நாட்டு அணியில் இடமில்லை. விளையாட்டு பணத்தால் கெட்டுவிடக் கூடாது, உழைக்கும் மனிதன் ஓய்வு நேரத்தில் ஆடுவதே தூய்மையான ஆட்டம் என்ற கொள்கை. இந்தக் கொள்கையை நேர்மையாக நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். நுழைவுக் கட்டணம் வசூலானது. நாட்டு அணியைப் பழக்கிய ரெய்னர் சம்பளம் வாங்கினார். மைதானத்தில் இறங்கிக் காலை உடைத்துக்கொள்ளும் ஆலைத் தொழிலாளியின் மகன் மட்டும் எதுவும் வாங்கக் கூடாது. முப்பதைத் தாண்டினால் முடிந்துவிடும் ஒரு திறமையை, குடும்பத்துக்கு ஒரு வாழ்வாக மாற்றிக்கொள்ள நோர்டால் போன்றவருக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அந்த வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்த கதவைச் சாத்திவிட்டார்கள். 33 ஆட்டங்கள், 43 கோல்கள். 27 வயதோடு நோர்டாலின் சர்வதேச வாழ்க்கை நின்றுபோனது.

அந்த எண்ணிக்கையின் எடையைப் புரிந்துகொள்ள இரண்டு ஒப்பீடுகள் போதும். அவருக்கு முன் ஸ்வீடனின் சாதனையாளர் ஸ்வென் ரீடெல் 43 ஆட்டங்களில் 49 கோல்கள் அடித்தார். அந்தச் சாதனையை 2014-ல் முறியடித்த ஸ்லாட்டன் இப்ராகிமோவிச் 122 ஆட்டங்களில் 62 கோல்களோடு ஓய்வு பெற்றார். நோர்டாலுக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் கிடைத்திருந்தால் இந்தப் பட்டியலின் தலையில் யார் பெயர் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1950 உலகக் கோப்பை பிரேசிலில். இத்தாலிதான் அப்போது நடப்பு சாம்பியன். சூப்பர்கா விபத்தின் அச்சம் நீங்காததால் இத்தாலிய அணி விமானம் ஏறாமல் கப்பலில் பிரேசிலுக்குப் போனது. நீண்ட கடற்பயணத்தில் பயிற்சி குலைந்தது. ஜூன் 25 அன்று சாவ் பாலோவில் அவர்களுக்கு முதல் எதிரி ஸ்வீடன். அப்போதுதான் முடிந்திருந்த இத்தாலிய லீக்கில் 35 கோல் அடித்து முதலிடம் பிடித்தவர் ஒரு ஸ்வீடன்காரர். அவர் அந்த மைதானத்தில் இல்லை. கிரென் இல்லை, லீட்ஹோல்ம் இல்லை. இவர்கள் யாருமில்லாமல், புது இளைஞர்களோடு ரெய்னர் கொண்டுவந்த அணி இத்தாலியை 3-2 என வீழ்த்தியது. ஹஸ்ஸே யெப்ஸன் இரண்டு கோல் அடித்தார். இறுதிச் சுற்றில் பிரேசிலிடம் 1-7 என அடிபட்டாலும், ஸ்பெயினை வென்று ஸ்வீடன் மூன்றாமிடம் பெற்றது. நோர்டால், கிரென், லீட்ஹோல்ம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை ஸ்வீடன் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள்.

மூன்றாமிடம் பெற்ற அணிக்கும் 1948 அணியின் கதியே நேர்ந்தது. ஸ்கோக்லுண்ட் இன்டருக்குப் போனார். க்னூட் நோர்டால், சூனே ஆண்டர்ஸன், சுண்ட்க்விஸ்ட் மூவரையும் ரோமா அள்ளிக்கொண்டது. யெப்ஸன் சிறிது காலம் இங்கிலாந்தில் ஆடிவிட்டு அட்டலான்டாவுக்கு வந்தார், 1952-ல் 10.5 கோடி லிரா கொடுத்து நாப்போலி அவரை வாங்கியபோது இத்தாலியே வாயைப் பிளந்தது. போன ஒவ்வொருவரையும் நாட்டு அணிப் பட்டியலிலிருந்து சங்கம் அடித்தது. விளைவு, 1954 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் பெல்ஜியத்திடம் ஸ்வீடன் வீழ்ந்தது. சுவிட்சர்லாந்துக்குப் போகவே முடியவில்லை. அந்த 1953-54 சீசனில் இத்தாலிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் யார் தெரியுமா? 23 கோல்களுடன் குன்னார் நோர்டால்.

1953 அக்டோபர் 21 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் 90-ஆம் ஆண்டையொட்டி வெம்ப்லியில் ஒரு சிறப்பு ஆட்டம் நடந்தது. ஐரோப்பாவின் தேர்ந்தெடுத்த வீரர்கள் கொண்ட அணியில் சென்டர் ஃபார்வர்டாக நோர்டாலை நிறுத்தினார்கள். பக்கத்தில் குபாலா, போனிப்பெர்த்தி. இருவரும் ஆளுக்கு இரண்டு கோல் அடிக்க, ஆட்டம் 4-4 என முடிந்தது. ஐரோப்பா முழுமைக்கும் முன்னால் நின்று ஆடத் தகுதியானவர், ஸ்வீடனுக்காக ஆடத் தகுதியற்றவர். இதைவிட ஒரு கொடுமையை ஒரு விளையாட்டுச் சங்கம் தன் வீரனுக்குச் செய்துவிட முடியாது.

மிலானில் அவர் சளைக்கவில்லை. 1952-53ல் 26 கோல்களுடன் முதலிடம். அதற்கு முந்தைய சீசனிலும் 26 அடித்திருந்தார், ஆனால் 30 அடித்த ஜான் ஹான்சன் முந்திக்கொண்டார். 1953-ல் கிரென் ஃபியோரென்டினாவுக்குப் போனதோடு மும்மூர்த்திக் கூட்டணி உடைந்தது. மறு ஆண்டு உருகுவேயின் உலகக் கோப்பை நாயகன் ஸ்கியாஃபினோ வந்தார், இளம் தடுப்பாளர் சேசரே மல்தினி வந்தார். 1954-55ல் லீக்கின் முதலிடத்தில் இருக்கும்போதே பயிற்சியாளர் பேலா குட்மனை மிலான் விலக்கியது வேறொரு பெருங்கதை. பின்னொரு வாரம் அவருக்கே ஒதுக்க வேண்டும். அந்தப் பட்டமும் மிலானுக்குத்தான், அதிக கோல் அடித்தவரும் நோர்டால்தான். ஆறு சீசன்களில் ஐந்து முறை முதலிடம். இத்தாலிய லீக்கில் ஐந்து முறை அந்த இடத்தைப் பிடித்தவர் அவர் ஒருவரே.

1955-ல் தொடங்கிய முதல் ஐரோப்பியக் கோப்பையிலும் ஆடினார். அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-5 என மிலான் நூலிழையில் வெளியேறியது. 1956-ல் மிலானை விட்டு ரோமாவுக்கு மாறினார். வயது முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது. ரோமாவில் இரண்டு சீசன்களில் 34 லீக் ஆட்டங்கள், 15 கோல்கள். அத்தோடு இத்தாலியில் அவர் ஆட்டம் முடிந்தது.

அந்த 1958-ல்தான் ஸ்வீடன் உலகக் கோப்பையை நடத்தியது. சொந்த மண்ணில் அவமானப்படக் கூடாது என்ற நெருக்கடி வந்தபோது, இத்தனை ஆண்டுகளாகத் தூய்மை பேசிய சங்கம் விதியைத் தளர்த்தியது. வெளிநாட்டில் ஆடுபவர்களும் வரலாம். ஹம்ரின் வந்தார், ஸ்கோக்லுண்ட் வந்தார். 37 வயது கிரென், 35 வயது லீட்ஹோல்ம் இருவரும் வந்தார்கள், லீட்ஹோல்ம்தான் கேப்டன். ஜூன் 29 அன்று ஸ்டாக்ஹோமை ஒட்டிய ரோசுண்டா மைதானத்தில் இறுதியாட்டம். நான்காவது நிமிடத்தில் பிரேசில் தடுப்பை இரண்டு தட்டில் கடந்து லீட்ஹோல்ம் முதல் கோலை அடித்தார். அதன்பின் பதினேழு வயது பெலேயும் வவாவும் எழுந்து 5-2 என முடித்ததை உலகம் அறியும். கிரே-நோ-லியின் இரண்டு அசைகள் அன்று மைதானத்தில் இருந்தன. நடு அசைக்கு 36 வயது; ஆட்டத்திலிருந்து விடைபெறும் நிலையில் இருந்தார். அவருடைய உச்சம் 1950-லும் 1954-லும் இருந்தது. அந்த இரண்டு உலகக் கோப்பைகளையும் விதி விழுங்கிவிட்டது.

நோர்டால் பிறகு பயிற்சியாளரானார். தன்னை வளர்த்த டேகேர்ஃபோர்ஸையும் நோர்ஷோப்பிங்கையும் வெவ்வேறு காலங்களில் பழக்கினார். ஸ்வீடனில் வீரர்களுக்குச் சம்பளம் தரக் கூடாது என்ற தடை 1967-ல்தான் நீங்கியது. அவர் மகன் தாமஸ் நோர்டால், பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட்டில் ஆடியவர், 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கான ஸ்வீடன் அணியில் இடம்பெற்றார். அந்தக் கோப்பையில் ஸ்வீடனின் முதல் ஆட்டம் இத்தாலியோடு. 1995 செப்டம்பர் 15 அன்று, இத்தாலியின் சார்டீனியத் தீவில் அல்கேரோ என்ற கடற்கரை ஊரில் குன்னார் நோர்டால் காலமானார்.

ஒரு சீசனில் 35 கோல் என்ற அவருடைய எண்ணிக்கை அறுபத்தாறு ஆண்டுகள் அசையாமல் நின்றது. பிளாட்டினி, மரடோனா, வான் பாஸ்டன், பாட்டிஸ்டூட்டா, ஷெவ்சென்கோ என்று உலகத்தின் சிறந்தவர்கள் எல்லாம் இத்தாலியில் ஆடிப்போனார்கள். யாரும் அதை நெருங்கவில்லை. 2016 மே 14 அன்று, சீசனின் கடைசி ஆட்டத்தில் ஃப்ரோசினோனே அணிக்கு எதிராக ஹாட்ரிக் அடித்த நாப்போலியின் கொன்சாலோ இகுவாயின், அந்தரத்தில் பின்புறமாகப் பாய்ந்து உதைத்த பந்தால் 36-ஐத் தொட்டார். மொத்தக் கணக்கு மட்டும் இன்னும் நோர்டால் வசமே இருக்கிறது: மிலானும் ரோமாவும் சேர்த்து 291 லீக் ஆட்டங்களில் 225 கோல்கள். இத்தாலிய லீக் வரலாற்றில் அவருக்கு மேலே சில்வியோ பியோலாவும் பிரான்செஸ்கோ டோட்டியும் மட்டுமே இருக்கிறார்கள். இருவரும் இத்தாலியர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரும் அவரை இன்னும் தாண்டவில்லை.

அடுத்த வாரம்: ஐரோப்பிய அணி வெம்ப்லியில் 4-4 என ஆடிய அந்த அக்டோபருக்கு அடுத்த மாதம், 1953 நவம்பர் 25 அன்று, அதே மைதானத்துக்கு வந்த ஹங்கேரி அணி.